பையனுக்கு அம்மா இருக்கிறார்

கென்யாவில் குழந்தைகள் இல்லம் நடத்துகிறவர்களுக்கும், அதற்காக வெளிநாடுகளில் நிதி திரட்டுகிறவர்களுக்கும்,

வணக்கம். உங்களுக்கு மாதாமாதம் பணம் அனுப்புகிறவர்களில் தமிழர்களும் உண்டு. நானும் ஓர் இல்லத்துக்கு ஆறு வருடம் அனுப்பினேன். என் பணத்தில் அங்கே வளர்ந்த பையனின் படம் வருடத்துக்கு ஒருமுறை வரும். வேலையாக நைரோபி போனபோது அவனைப் பார்க்கப் போனேன். பிள்ளைகள் வரிசையாக நின்று வரவேற்புப் பாட்டுப் பாடினார்கள். பாட்டு முடிந்ததும், டிசம்பர் லீவில் என்ன செய்வாய் என்று சும்மா கேட்டேன். "அம்மாவிடம் போக வேண்டும்" என்றான்.

அம்மா இருக்கிறார். இரண்டு மட்டாட்டு (அந்த ஊர் ஷேர் வேன்) மாறினால் போய்விடக்கூடிய தூரம்தான். அப்பா இறந்தபின் யூனிபார்முக்கும் சாப்பாட்டுக்கும் வழி தெரியாமல் கொண்டுவந்து விட்டிருக்கிறார். என்னிடம் வந்த தாளில் 'அநாதை' என்று மட்டும்தான் இருந்தது.

அப்பா இல்லாத பிள்ளையை, அம்மா இருக்கும்போது, தமிழில் யாரும் அநாதை என்று சொல்வதில்லை. சொன்னால் அந்தத் தாய் பொறுப்பாளா? ஆனால் புள்ளிவிவரத்தில் அந்தச் சொல்லுக்கு வேறு பொருள். பெற்றோரில் ஒருவர் இறந்தாலே கணக்கில் சேர்ந்துவிடும். யுனிசெஃப் 2015-இல் உலகம் முழுவதற்கும் சொன்ன எண் ஏறக்குறைய 14 கோடி. அதில் இருவரையும் இழந்தவர்கள் சுமார் 1.5 கோடி. நன்கொடை கேட்கும் தாள்களில் நான் பார்த்ததெல்லாம் பெரிய எண்ணைத்தான்.

உங்களில் பலர் எந்தக் காலத்தில் தொடங்கினீர்கள் என்பதை நான் மறக்கவில்லை. எய்ட்ஸ் ஊர் ஊராகக் கொண்டுபோன காலம் அது. எச்.ஐ.வி. உள்ள குழந்தையைத் தொடவே பயந்த 1992-இல், பாதிரியாரும் மருத்துவருமான ஆஞ்சலோ டி'அகஸ்தினோ நைரோபியில் 'ந்யும்பானி' இல்லத்தைத் திறந்தார். சுவாஹிலியில் அதற்கு 'வீட்டில்' என்று பொருள். அப்போது அது இல்லாவிட்டால் அந்தக் குழந்தைகள் செத்திருப்பார்கள். ஆனால் மருந்து வந்துவிட்டது, தொற்றுள்ள பெற்றோர் உயிரோடு இருந்து பிள்ளை வளர்க்கிறார்கள். அதே ந்யும்பானி பிறகு கென்யாவின் கிட்டுயி வட்டாரத்தில் ஒரு கிராமத்தையே அமைத்தது. பிள்ளைகளை இழந்த பாட்டியும், பெற்றோரை இழந்த பேரக் குழந்தைகளும் அங்கே ஒரே வீட்டில் இருக்கிறார்கள். அண்ணன் தங்கையைப் பிரிப்பதில்லை. இன்று யாராவது புதிதாகக் கட்டடம் கட்டக் கிளம்பினால், முதலில் கிட்டுயிக்குப் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள் என்பேன்.

ஏழைக் குடும்பத்துக்குக் கையில் பணம் கொடுத்தால் என்ன ஆகும் என்று கென்யா 2004-லேயே முயன்று பார்த்தது. இத்தகைய குழந்தைகளை வளர்க்கும் வீடுகளுக்கான அரசு உதவித்தொகை அப்போது சிறிய அளவில் தொடங்கியது, பின்னால் மாதம் 2,000 ஷில்லிங் ஆனது. ஒரு பிள்ளை இருந்தாலும் ஐந்து பிள்ளைகள் இருந்தாலும் வீட்டுக்கு அவ்வளவுதான். அதுவும் பல சமயம் தாமதமாகத்தான் வருகிறது. என் ஆறு வருடப் பணம் அந்தத் தாயின் கைக்குப் போயிருந்தால் பையன் அங்கேயே பள்ளிக்குப் போயிருப்பான் என்ற நினைப்பு என்னை விடுவதாக இல்லை.

அரசும் தன் வழியைச் சொல்லிவிட்டது. புதிய இல்லங்களைப் பதிவு செய்வதை 2017-இல் நிறுத்தியது. பத்தாண்டுக்குள் பிள்ளைகளைக் குடும்பங்களுக்குக் கொண்டுபோக வேண்டும் என்று 2022-இல் திட்டம் வகுத்தது. ருவாண்டா 2012-இல் கணக்கெடுத்தபோது அங்கே 3,000-க்கும் மேற்பட்ட குழந்தைகள் இல்லங்களில் இருந்தார்கள். பெரும்பாலோரைச் சொந்த வீட்டுக்கோ வளர்ப்புக் குடும்பத்துக்கோ அனுப்பிவிட்டார்கள்.

எல்லாப் பிள்ளையையும் நாளைக்கே அனுப்பிவிடுங்கள் என்று நான் கேட்கவில்லை. அடி வாங்கி ஓடிவந்த பிள்ளை இருக்கிறது, யாருமே இல்லாத பிள்ளையும் இருக்கிறது. அவசரப்பட்டு அனுப்பி, திரும்பிப் பார்க்காமல் விட்டால் அது இன்னொரு கைவிடல். சமூகப் பணியாளர் வீட்டுக்குப் போய்ப் பார்க்க வேண்டும், அம்மாவிடமும் ஷோஷோவிடமும் (பாட்டியை அங்கே அப்படித்தான் கூப்பிடுவார்கள்) பேச வேண்டும், அனுப்பிய பிறகும் போய்க்கொண்டே இருக்க வேண்டும். அதற்குச் செலவாகும். குடும்பங்களோடு வேலை செய்த பல திட்டங்கள் 2025-இல் அமெரிக்க உதவி நின்றதும் முடங்கிவிட்டன. உங்கள் ஆட்களும் வாகனங்களும் இப்போது அங்கேதான் தேவை.

நன்கொடையாளர்களிடம் இதைச் சொல்லத் தயங்காதீர்கள். கட்டடத்தில் பெயர் பொறிக்காவிட்டால் பணம் வராது என்று நினைக்கிறீர்கள் போல. எனக்குப் பெயரும் வேண்டாம், வரவேற்புப் பாட்டும் வேண்டாம், படமும் வேண்டாம். அடுத்த ஆண்டறிக்கையில் எத்தனை பிள்ளைகள் வீடு திரும்பினார்கள், அவர்களில் எத்தனை பேர் பள்ளியில் தொடர்கிறார்கள் என்று இரண்டே எண்களைப் போடுங்கள். அதைப் பார்த்ததும் மறுபடி பணம் அனுப்புகிறேன்.

அப்புறம், பையனை இந்த டிசம்பரிலாவது அவன் அம்மாவிடம் அனுப்பும்படி அந்த இல்லத்துக்குத் தனியாகக் கடிதம் போட்டிருக்கிறேன். மட்டாட்டுக் காசு என்னுடையது.

அன்புடன்,
உங்கள் நன்கொடையாளர்களில் ஒருவன்