படுத்த பிறகு வருகிற பிசியோதெரபிஸ்ட், படுக்கும் முன்பே வரட்டும்

மக்கள் நல்வாழ்வுத் துறை அதிகாரிகளுக்கு,

வணக்கம். ஈரோடு மாவட்டத்தில் பதினான்கு வருடமாகக் குட்டியானை என்கிற சின்ன சரக்கு வண்டி ஓட்டுகிறேன். நூல் மூட்டை, ஜவுளி பேல், சீசனில் மஞ்சள் மூட்டை. லோடுமேன் வராத நாளில் நானே இறக்குவேன். மூன்று வருடத்துக்கு முன்னால் ஒரு காலையில் பின்கதவைத் தாழ்போடக் குனிந்தேன். இடுப்பு அப்படியே பிடித்துக்கொண்டது.

பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஊசி போட்டார்கள், ஐந்து நாளைக்கு மாத்திரை கொடுத்தார்கள், வெயிட் தூக்காதே என்றார்கள். அந்த டாக்டரைக் குறை சொல்ல மாட்டேன், எனக்குப் பின்னால் வரிசை வாசல் வரை நின்றது. ஆனால் வெயிட் தூக்காவிட்டால் வண்டித் தவணையை யார் கட்டுவது? மெடிக்கலில் அதே மாத்திரையை வாங்கிப் போட்டுக்கொண்டே எட்டு மாதம் ஓட்டினேன். அப்புறம் ஒரு பெல்ட். அப்புறம் எண்ணெய் போட்டுச் சுளுக்கு எடுக்கும் பெரியவர்.

கடைசியில் செல்போன் வீடியோ பார்த்துக் கோயம்புத்தூரில் ஒரு கைரோபிராக்டிக் சென்டருக்கு, அதாவது முதுகெலும்பைக் கையால் திருகி வைத்தியம் பார்க்கும் இடத்துக்குப் போனேன். ஒரு தடவைக்கு 1,500 ரூபாய். ஒருக்களித்துப் படுக்க வைத்து இடுப்பைத் திருகினார்கள், மடக்கென்று சத்தம் கேட்டது. உண்மையைச் சொல்கிறேன், எழுந்தபோது உடம்பு லேசாக இருந்தது. மூன்றாம் நாள் வலி திரும்பி வந்துவிட்டது. அடுத்த முறை போனபோது, கேட்காமலே கழுத்தையும் பிடித்து ஒரு வெட்டு வெட்டினார்கள். வலி இடுப்பில், கழுத்துக்கு என்ன வேலை என்று அன்றைக்குக் கேட்கத் தோன்றவில்லை. நம் ஊர் சலூனில் முடிவெட்டியதும் கழுத்தில் நெட்டி எடுப்பார்களே, அந்த மாதிரிதான் என்று இருந்துவிட்டேன். கழுத்தை அப்படித் திருப்பும்போது மூளைக்குப் போகும் ரத்தக்குழாய் கிழிந்து பக்கவாதம் வர, அபூர்வமாக என்றாலும், வாய்ப்பு உண்டு என்று பிறகு தெரிந்தபோது வியர்த்துவிட்டது.

என் மகள் நர்சிங் படிக்கிறாள். அவள்தான் தேடிப் படித்துச் சொன்னாள். 1895இல் அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில், டேவன்போர்ட் என்ற ஊரில் பாமர் என்பவர் தொடங்கிய வைத்தியமாம் இது. அந்த மடக் சத்தம் விலகிய எலும்பு உட்காரும் சத்தம் இல்லை, மூட்டுக்குள் இருக்கும் திரவத்தில் வாயு குமிழாகும் சத்தமாம். இதை ஒரேயடியாகத் தள்ளவும் முடியாது. நாள்பட்ட இடுப்பு வலிக்கு உலக சுகாதார நிறுவனம் 2023 டிசம்பரில் வெளியிட்ட வழிகாட்டுதலில், உடற்பயிற்சியோடும் ஆலோசனையோடும் முதுகெலும்பைக் கையால் அசைத்துத் தரும் சிகிச்சைக்கும் இடம் இருக்கிறது. வேண்டாம் என்று சொன்னவற்றில் பெல்ட் இருக்கிறது! நான் 900 ரூபாய் கொடுத்து வாங்கியது. கைரோபிராக்டிக் படிக்க நான்கு வருடம், 4,200 மணி நேரமாவது வேண்டும் என்று அதே நிறுவனம் 2005இலேயே எழுதி வைத்திருக்கிறது. என் இடுப்பைத் திருகிய தம்பி எத்தனை நாள் படித்தார் என்று எனக்குத் தெரியாது. சுவரில் எந்தச் சான்றிதழும் பார்த்த ஞாபகம் இல்லை.

இடது காலில் நரம்பு இழுக்க ஆரம்பித்த பிறகு ஸ்கேன் எடுத்தேன். முதுகெலும்புகளுக்கு நடுவே மெத்தை மாதிரி இருக்கும் டிஸ்க் பிதுங்கியிருக்கிறது என்றார்கள். ஆபரேஷன்தான் என்று வீட்டில் அழுகை. அப்போதுதான் பெரியாஸ்பத்திரியில் ஒரு பிசியோதெரபிஸ்ட் அம்மாவிடம் அனுப்பினார்கள். வலியே இல்லாதவர்களை ஸ்கேன் எடுத்தாலும் இருபது வயதில் 30 சதவீதம் பேருக்கு டிஸ்க் பிதுங்கித்தான் தெரியும், எண்பது வயதில் 84 சதவீதம் என்று அவர் சொன்னதும் பாதி பயம் போய்விட்டது. படுத்தே கிடக்காதே, நட என்றார். மூட்டையை உடம்போடு ஒட்டித் தூக்கக் காட்டிக்கொடுத்தார். வீட்டில் செய்ய நான்கு பயிற்சி. மூன்று மாதத்தில் கால் இழுப்பு நின்றது. எல்லாமே முதல் மாதத்தில் ஒரு நாற்காலியும் ஒரு பாயும் வைத்துச் சொல்லிக்கொடுத்திருக்கக்கூடிய விஷயங்கள்.

சீக்கிரம் கவனியுங்கள் என்று கேட்பதால், எல்லாருக்கும் சீக்கிரம் ஸ்கேன் எடுங்கள் என்று கேட்பதாக நினைக்காதீர்கள். புதிதாக வரும் இடுப்பு வலி பெரும்பாலும் சில வாரங்களில் தணிந்துவிடும். அந்தச் சில வாரங்களில் எங்களைப் பயமுறுத்தாமல் நடக்க வைக்க ஓர் ஆள் வேண்டும். சிறுநீர் நின்றுபோவது அல்லது அடக்க முடியாமல் போவது, உட்காரும் இடம் மரத்துப்போவது, கால் பலமிழப்பது, காய்ச்சல், காரணமில்லாமல் எடை குறைவது, இதில் ஏதாவது உண்டா என்று கேட்டு, இருந்தால் அன்றைக்கே பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பவும் அதே ஆள் போதும்.

அந்த ஆள் உங்களிடம் ஏற்கெனவே இருக்கிறார். 2021 ஆகஸ்ட் 5ஆம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில் பிசியோதெரபிஸ்ட் வீட்டுக்கே வருகிறார். பக்கவாதம் வந்து படுத்த எங்கள் எதிர்வீட்டுப் பாட்டி அவர் தயவில்தான் இன்று திண்ணை வரை நடக்கிறார். நல்ல திட்டம், மனசாரச் சொல்கிறேன். ஆனால் அந்த வீட்டுக்கு அவர் போவதை, இடுப்பைப் பிடித்துக்கொண்டு எதிர்வாசலில் நின்று எட்டு மாதம் பார்த்தவன் நான். நடமாடிக்கொண்டிருந்ததால் என்னைக் கணக்கில் எடுக்க வழியில்லை.

வாரத்தில் ஒரு நாள் அவரை ஆரம்ப சுகாதார நிலையத்தில் உட்கார வையுங்கள். முதுகைத் திருகும் சென்டர் எதுவானாலும், திருகுகிறவர் எங்கே, எவ்வளவு காலம் படித்தார் என்று வாசலில் தமிழில் எழுதிப்போடச் சொல்லுங்கள்.

கிழமை எதுவானாலும் சரி, நேரம் மட்டும் சாயங்காலமாக இருக்கட்டும். காலையில் வந்தால் எங்களுக்கு அன்றைய லோடு போய்விடும்.

இப்படிக்கு,
ஒரு குட்டியானை ஓட்டுநர்
ஈரோடு மாவட்டம்