பட்டியல் போதாது, கட்டும் விதத்தையும் எழுதுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடந்த மாதம் உங்கள் ஞாயிறு இணைப்பில், மோட்டார் சைக்கிளில் நெடுந்தூரம் போய்க் கூடாரம் அடித்துத் தங்குவோருக்கென்று ஒரு முழுப்பக்கம் வெளியாகியிருந்தது. எடுத்துச் செல்ல வேண்டியவை என்று 46 பொருட்களை அதில் வரிசைப்படுத்தியிருந்தீர்கள். நான் திருகோணமலை கண்டி வீதியில் 26 ஆண்டுகளாகக் குஷன் வேலை செய்பவன். மோட்டார் சைக்கிள் சீற்றுக்கு உறை தைப்பது, முச்சக்கர வண்டிக்குக் கூரை தைப்பது, கேட்பவர்களுக்குக் கன்வஸ் பை தைத்துக் கொடுப்பது ஆகியவை என் பிழைப்பு. அந்தப் பக்கத்தைப் படித்த நாளிலிருந்து மனம் ஆறவில்லை. அந்த 46 பொருட்களையும் வண்டியின் எந்த இடத்தில் வைப்பது, எதனால் கட்டுவது என்று ஒரு வரிகூட அதில் இல்லை.

அது வெளியான மூன்றாம் நாள், இரண்டு இளைஞர்கள் உங்கள் பக்கத்தைக் கத்தரித்து எடுத்துக்கொண்டு என் கடைக்கு வந்தார்கள். பொத்துவில் வரை போய், அங்கிருந்து பாணமை தாண்டி உகந்தைமலை முருகனைக் கும்பிட்டுத் திரும்புவது அவர்கள் திட்டம். பின்பக்கம் கட்டியிருந்த பொதி, பின்னால் இருப்பவரின் தலைக்கு மேல் நின்றது. “ஐயா, பை கிழிந்துவிடும் போலிருக்கிறது, ஒரு தையல் போட்டுத் தாருங்கள்” என்றார்கள். நான் தையல் போடவில்லை. பக்கத்துப் பழைய இரும்புக் கடைத் தராசில் முதலில் பொதியை ஏற்றினேன், பிறகு அவர்களையும் ஏற்றினேன். ஒருவர் 64 கிலோ, மற்றவர் 71. பொதி 43. வண்டியின் கையேட்டைத் திறந்து பார்த்தால், ஆட்களும் சுமையும் சேர்த்து 150 கிலோவுக்குமேல் ஏற்ற வேண்டாம் என்று அச்சிட்டிருந்தது. அவர்களிடம் இருந்ததோ 178.

அந்தக் கையேட்டை அவர்கள் அன்றுவரை திறந்ததே இல்லை. நம்மில் எத்தனை பேர் திறந்திருக்கிறோம்? இருவர் ஏறி உட்கார்ந்தாலே 150 சிசி வண்டி தாங்கும் எடையில் பெரும்பகுதி முடிந்துவிடுகிறது. இதை உங்கள் பக்கத்தின் முதல் வரியாகப் போட்டிருக்க வேண்டும்.

கடைத் தரையில் சாக்கை விரித்து எல்லாவற்றையும் இறக்கினோம். மடக்கு நாற்காலிகள் இரண்டு. நான்கு பேர் படுக்கக்கூடிய கூடாரம். உறைபனிக் குளிருக்கென்று செய்த படுக்கைப் பைகள் இரண்டு. இரும்புத் தாச்சி, கைக்கோடரி, பற்றரியில் பாடும் ஒலிபெருக்கி, ஐந்து லீற்றர் பெற்றோல் கலன், எட்டு லீற்றர் தண்ணீர். உங்கள் பட்டியலை எழுதியவர் பனி விழும் தேசத்துப் பயணிகளைப் பார்த்து எழுதியிருக்கிறார் என்றே நினைக்கிறேன். தை மாதத்தில் நுவரெலியாவுக்குப் போகிறவருக்கு அந்தப் படுக்கைப் பை தேவைதான், நானே அங்கு ஓரிரவு நடுங்கியிருக்கிறேன். ஆனால் ஆவணி மாதத்தில் கிழக்குக் கரையோரமாகப் போகிறவருக்கு அது எதற்கு? நம் கரையில் அந்த மாதத்து இரவில் ஒரு சாரமும் ஒரு பருத்திப் போர்வையும் போதும். கட்டாயம் வேண்டியது நுளம்பு வலை. அது உங்கள் பட்டியலில் 39ஆவது இடத்தில் இருந்தது.

பெற்றோல் கலனும் அப்படித்தான். திருகோணமலையிலிருந்து பொத்துவில் ஏறத்தாழ 240 கிலோமீற்றர். பத்து லீற்றர் தாங்கி நிறைந்திருந்தால், லீற்றருக்கு 40 ஓடும் வண்டி 400 கிலோமீற்றர் போகும். மூதூர், வாழைச்சேனை, மட்டக்களப்பு, கல்முனை, அக்கரைப்பற்று என்று வழியெல்லாம் ஊர்கள். வெயிலில் கொதிக்கும் கலனைச் சைலன்சருக்கு ஒரு சாண் தள்ளிக் கட்டிக்கொண்டு எதற்காகப் போக வேண்டும்? சிலர் குளிர்பானப் போத்தலில் பெற்றோல் ஊற்றிப் பைக்குள் செருகுகிறார்கள். பார்க்கும்போதே வயிறு கலங்குகிறது.

இனி நான் உண்மையில் சொல்ல வந்ததைச் சொல்கிறேன். பொதி கட்டத் தெரிந்தவர்கள் நம் ஊரில் அன்றாடம் வீதியில் போகிறார்கள். விடியற்காலையில் கடற்கரையில் மீன் எடுத்துக்கொண்டு கந்தளாய்ப் பக்கமும் கிண்ணியாப் பக்கமும் போகும் மீன் வியாபாரிகளின் மோட்டார் சைக்கிள்களை உங்கள் நிருபர் ஒரு தடவை நின்று பார்க்கட்டும். மரப்பெட்டியோ றெஜிபோம் (தெர்மோகோல்) பெட்டியோ, அது ஓட்டுநரின் முதுகை ஒட்டி இருக்கும். கரியரின் பின்விளிம்புக்கு வெளியே தொங்காது. உயரம் அவர் இடுப்புக்குமேல் போகாது. கனமான மீனும் ஐஸும் அடியில், இலேசானது மேலே. கட்டியிருப்பது பழைய ரியூப்பை நீளமாக வெட்டிய வார். பெட்டியைப் பிடித்து உலுக்கினால் பெட்டி தனியாக அசையாது, வண்டியே சேர்ந்து அசையும். வருடம் முழுவதும், மழையிலும் வெயிலிலும் இப்படி ஓடுகிறவர்களைவிட நெடும்பயணம் செய்தவர் யார்?

அவர்கள் செய்வதன் காரணம் எளியது. பின்சக்கரத்தின் அச்சுக்குப் பின்னால் எவ்வளவு சுமை தொங்குகிறதோ அவ்வளவுக்கு முன்சக்கரம் இலேசாகிறது. அப்போது கைபிடி ஆடத் தொடங்கும், மணல் கண்ட இடத்தில் முன்சக்கரம் தன் விருப்பத்துக்குத் திரும்பும். சுமை உயர்ந்தால் வளைவில் வண்டி கவிழப் பார்க்கும். கச்சான் காற்று வீசும் மாதங்களில் கிண்ணியாப் பாலத்தில் போய்ப் பாருங்கள். பக்கவாட்டில் வரும் காற்றுக்கு உயரமான பொதி பாய்மரம்போல் நிற்கிறது. ஆகவே தண்ணீர், அரிசி, வண்டி திருத்தும் கருவிப் பை ஆகிய கனமானவை சீற்றின் இருபுறமும் தொங்கும் பைகளில், பின்னச்சுக்கு முன்னால், தாழ்வாக இருக்க வேண்டும். இரு பக்கமும் சம எடையாக இருக்க வேண்டும். துணியும் வலையும் மட்டும் மேலே, கரியரில்.

ரியூப் வாரைப் பற்றி இன்னும் சொல்ல வேண்டும். கடைகளில் விற்கும், இரு முனையிலும் கம்பிக் கொக்கி உள்ள இழுவை றப்பரை நான் என் கடையில் வைப்பதில்லை. இழுத்து மாட்டும்போது கை தவறினால் அந்தக் கொக்கி நேரே முகத்துக்கு வரும். என் இடது கண்ணுக்குக் கீழே அரை அங்குலத் தழும்பு அதனால் வந்தது. இன்னும் கொஞ்சம் மேலே பட்டிருந்தால் ஊசியில் நூல் கோக்க இன்று எனக்குக் கண் இருந்திருக்காது. குழியில் வண்டி விழுந்தெழும்போது அந்த இழுவை றப்பர் நீண்டு சுருங்குவதால் பொதியும் துள்ளும். ரியூப் வார் அப்படியல்ல. மூன்று விரல் அகலத்துக்கு வெட்டி, இறுக்கிச் சுற்றி, முடிச்சுப் போட்டால் பொதியோடு ஒட்டிப் பிடிக்கும். பஞ்சர் கடையில் கேட்டால் காசு வாங்காமலே கொடுப்பார்கள். வெயில் பட்டுப்பட்டு வெடிப்பு விட்டால் எறிந்துவிட்டு வேறு வெட்ட வேண்டும், அவ்வளவுதான். நாடா பயன்படுத்துபவர்கள், இழுத்து இறுக்கும் பூட்டு வைத்த தட்டை நாடாவாக வாங்குங்கள். மிச்சமாகத் தொங்கும் வாலைச் சுருட்டி முடிச்சுக்குள் செருகுங்கள்.

அந்த வாலைப் பற்றி நான் இவ்வளவு அழுத்திச் சொல்ல ஒரு காரணம் உண்டு. 2013 ஆடியில் நானும் மனைவியும் வெருகல் சித்திரவேலாயுத சுவாமியைக் கும்பிட்டுவிட்டுக் கதிரவெளி கடந்து போய்க்கொண்டிருந்தோம். கூடாரப் பையைக் கட்டிய நாடாவின் முனை ஒரு முழம் தொங்கியதை நான் கவனிக்கவில்லை. தைக்கிற தொழிலில் இருக்கும் நான் கவனிக்கவில்லை. அது பின்சக்கரக் கம்பிகளுக்குள் போய்ச் சுற்றிக்கொண்டது. சக்கரம் அப்படியே இறுகி நின்றது, வண்டி சறுக்கிக் கிறவலில் விழுந்தது. என் முழங்காலில் தோல் உரிந்ததோடு போயிற்று. மனைவியின் வலது மணிக்கட்டு முறிந்தது. மழைக்காலம் வந்தால் இன்றும் அந்தக் கையால் அவளால் குடம் தூக்க முடியாது. ஒரு முழ நாடாவுக்கு நாங்கள் கொடுத்த விலை இது.

தொழில்காரன் என்ற முறையில் பைகளைப் பற்றிச் சில சொற்கள். பருத்தி நூலால் தைத்த பையைக் கடற்கரைப் பயணத்துக்கு வாங்காதீர்கள். உப்பும் ஈரமும் சேர்ந்து நூலை உளுத்துப்போகச் செய்யும். நைலோன் நூல் வலுவானது, ஆனால் நீண்டகால வெயிலுக்குப் பொலியெஸ்டர் நூலே அதிகம் தாக்குப்பிடிக்கிறது. பையைப் புரட்டி உள்தையலைப் பாருங்கள், வார் சேரும் இடத்தில் பெட்டி வடிவில் குறுக்குத் தையல் போட்டிருக்க வேண்டும். சைலன்சர் இருக்கும் பக்கத்துப் பை உருகாமல் இருக்க, பையின் சைலன்சரைப் பார்க்கும் பக்கத்துக்கு ஒரு தகரமோ அலுமினியத் தகடோ கொடுத்து, நான்கு விரல் இடைவெளி விடுங்கள். மழைக்கு விலை உயர்ந்த பை தேவையில்லை. உரப்பைக்குள் வரும் தடித்த பொலித்தீன் பையைக் கழுவிக் காயவைத்து, துணியை உள்ளே போட்டு, காற்றை அமுக்கி, வாயை மூன்று மடிப்பு மடித்துக் கட்டினால் மார்கழி மாரியிலும் சாரம் நனையாது.

கூடார ஆணிகளும் நம் மணலுக்குப் பொருந்தாதவை. நிலாவெளி மணலில் அந்த மெல்லிய கம்பிகள் ஒரு காற்றுக்குக்கூட நிற்காது. பொச்சுமட்டையில், அதாவது தேங்காய் உரித்த மட்டையில், கயிற்றைக் கட்டி, முழங்கை ஆழத்தில் குறுக்காகப் புதைத்து மிதித்துவிட்டால் அசையவே அசையாது. பொச்சுமட்டையைச் சுமந்து போக வேண்டியதும் இல்லை, நம் கரையில் எங்கும் கிடக்கிறது.

சுமை ஏற்றியபின் வண்டியிலும் வேலை உண்டு. பின் ஸ்பிரிங்கின் வளையத்தைச் சுமைக்கு ஏற்ற படிக்குத் திருப்ப வேண்டும். பின் டயரில் கையேடு சொல்லும் காற்றை நிரப்ப வேண்டும், என் வண்டிக்குத் தனியாகப் போனால் 28 பிஎஸ்ஐ, இருவர் போனால் 32. பின்பக்கம் அமிழ்ந்தால் முன்விளக்கின் ஒளி மேலே ஏறி, எதிரே வருபவரின் கண்ணைக் கூசச் செய்யும், உங்கள் முன்னால் இருக்கும் வீதியோ இருட்டாகிவிடும். ஹபரணைக்கும் கந்தளாய்க்கும் இடையில் இருட்டில் யானை நிற்பது பக்கத்தில் போகும்வரை தெரியாது. நான் அந்த வீதியில் பொழுது பட்டபின் மோட்டார் சைக்கிளில் போவதே இல்லை. யானை நடமாடும் இடத்தில் கூடாரமும் அடிக்க மாட்டேன், அரிசி வாசனைக்கு அது வீட்டுச் சுவரையே உடைக்கிறது. உகந்தைக்கு அப்பால் குமண தேசியப் பூங்காவுக்குள் மோட்டார் சைக்கிளுக்கு அனுமதி இல்லை என்பதையும் உங்கள் பக்கம் சொல்லவில்லை.

அந்த இளைஞர்கள் இருவரும் பொறுமையாகக் கேட்டார்கள், அதற்காக அவர்களைப் பாராட்டுகிறேன். நாற்காலி, கோடரி, தாச்சி, ஒலிபெருக்கி, படுக்கைப் பைகள், பெற்றோல் கலன் ஆகியவற்றை விட்டார்கள். பெரிய கூடாரத்துக்குப் பதிலாக ஒரு தறப்பாளும் வலையும் எடுத்துக்கொண்டார்கள். தண்ணீரைப் பாதியாக்கி, வழியில் நிரப்பிக்கொள்ளச் சம்மதித்தார்கள். பொதி 15 கிலோவுக்குச் சற்று மேல் வந்து நின்றது. மொத்தம் 150ஐ ஒரு மயிரிழை தாண்டியது, காலை உணவைக் குறைத்துச் சாப்பிடுங்கள் தம்பிமாரே என்று நான் சொல்ல முடியாதல்லவா, அதனால் ஒரு தட்டையான பாத்திரத்தையும் பொதியிலிருந்து எடுத்துவிட்டேன். ஐந்தாம் நாள் திரும்பி வந்து, என் கடையில் விட்டுப்போன பொருட்களை எடுத்துக்கொண்டார்கள். வழியில் ஒரு தடவைகூட வாரை அவிழ்த்து மீண்டும் கட்ட வேண்டியிருக்கவில்லை என்று சொன்னார்கள்.

ஆசிரியர் அவர்களே, அடுத்த தடவை இந்தப் பக்கத்தைப் போடும்போது ஒரு மீன் வியாபாரியையும் ஒரு பஞ்சர் கடைக்காரரையும் கேட்டு எழுதுங்கள். பொதி கட்டிய வண்டியின் படத்தைப் பக்கவாட்டில் எடுத்துப் போடுங்கள், பின்னச்சு எங்கே, சுமை எங்கே என்று பிள்ளைகளுக்குத் தெரியட்டும்.

ஞாயிறு காலை ஒன்பது மணி வரை நான் கடையில் வேலை எடுப்பதில்லை. நெடும்பயணம் போகும் பிள்ளைகள் யாரும் அந்த நேரத்தில் வண்டியோடும் பொதியோடும் வரலாம். நிறுத்துப் பார்த்துக் கட்டிக் காட்டுகிறேன். காசு வேண்டாம், வரும்போது பழைய ரியூப் ஒன்று கொண்டுவந்தால் போதும்.

இப்படிக்கு,
குஷன் தொழிலாளி ஒருவர்,
உவர்மலை, திருகோணமலை.