குறுக்குத்துறை ஆற்றுத் திருப்பணி: நிறைவு அறிக்கை

மதிப்பிற்குரிய உறுப்பினர்கள் அனைவருக்கும் குழுவின் வணக்கம்.

நெல்லை குறுக்குத்துறைப் படித்துறையிலும் அதை ஒட்டிய கரையிலும் நாம் மேற்கொண்ட தாமிரபரணி துப்புரவுப் பணி முடிந்துவிட்டது. கார் சாகுபடிக்காக ஜூன் 1-ல் பாபநாசம் அணையைத் திறப்பது வழக்கம். தண்ணீர் வந்துவிட்டால் கசத்தில், அதாவது ஆற்றின் ஆழமான மடுவில், இறங்க முடியாது என்பதால், சித்திரையில் தொடங்கி வைகாசி பாதிக்குள் முடித்தாக வேண்டியிருந்தது. கத்திரி வெயிலில் ஆற்றில் நின்றவர்களுக்கும், பணம் கொடுத்தவர்களுக்கும், மோரும் சாப்பாடும் அனுப்பிய வீடுகளுக்கும் குழுவின் மனமார்ந்த நன்றி.

மேலாகத் தெரிந்ததெல்லாம் தண்ணீர் பாட்டில், ஷாம்பு பாக்கெட், தெர்மாகோல் தட்டுதான். அதைப் பொறுக்க அதிக நேரம் பிடிக்கவில்லை. நம்மைப் படுத்தியது துணி. திதி கொடுத்துவிட்டு, தோஷம் கழியட்டும் என்று உடுத்திய துணியை ஆற்றோடு விட்டுவிட்டுப் போகும் பழக்கம் மேலே பாபநாசம் தொட்டே இருக்கிறது. பருத்தி வேட்டியாவது நாளடைவில் மட்கிவிடும். இன்று விடுகிற நைலான், பாலியஸ்டர் சேலைகள் அப்படிப் போவதில்லை. ஒன்று கல் இடுக்கில் சிக்கும், அதன்மேல் மணல் படியும், தண்ணீரில் மண்டும் அமலைச் செடியின் வேர் அதோடு பின்னிக்கொள்ளும், அடுத்து மிதந்து வருகிற சேலை அந்த வேரில் சுற்றிக்கொள்ளும்.

கடைசிப் படிக்குக் கீழே ஒரு சிவப்புச் சேலையின் முந்தானை மட்டும் நீட்டிக்கொண்டிருந்தது. சாயம்கூடப் போகவில்லை. ஓர் ஆள் இழுத்துப் பார்த்தார், அசையவில்லை. பிறகு கயிறு கட்டி, தேர்வடம் பிடிப்பதுபோல் வரிசையாக நின்று இழுத்தோம். லுங்கி, துண்டு, தலையணை உறை, குழந்தைச் சட்டை எல்லாம் ஒரே முடிச்சாக மணல் கனத்தோடு வந்தன. அது கிடந்த இடத்தில் கறுப்பாகச் சேறு கிளம்பி நாறியது. மறுநாள் காலையில் அதே இடத்தில் மணல் தெரிந்தது, அயிரை மீன்கள் மேய்ந்துகொண்டிருந்தன. அதைப் பார்க்கவே பலர் திரும்ப வந்தார்கள்.

எந்தக் கசத்தில் எவ்வளவு ஆழம், எங்கே கால் வைக்கலாம் என்பதைக் காட்டிக்கொடுத்தவர்கள் அங்கே துணி துவைக்க வரும் தாய்மார்கள். அவர்கள் சொல் கேட்டு இறங்கியதால்தான் யாரும் ஆழத்தில் சிக்கவில்லை. உடைந்த மதுப் பாட்டில்களால் சிலருக்குக் கால் கிழிந்தது. டி.டி. ஊசி போட்டுக்கொண்டார்கள், இப்போது நலம்.

2023 டிசம்பர் 17, 18 வெள்ளத்தில் மேலிருந்து அடித்துவரப்பட்ட துணியும் பாலித்தீனும் மருத மரங்களின் கிளைகளில் இன்னும் தொங்கிக்கொண்டிருந்தன. ஏணி வைத்து, துறட்டியால் எட்டிய மட்டும் எடுத்தாயிற்று. கரையை மண் அரிக்காமல் பிடித்து வைத்திருப்பது இந்த மரங்களின் வேர்தான். அதனால் வேர்ப் பக்கம் ஜே.சி.பி.யை விடவில்லை, கைவேலைதான். இதனால் நாள் கூடுதலாயிற்று என்று வருத்தப்பட்டவர்களுக்கு இதுவே எங்கள் பதில்.

செலவில் பெரும்பங்கு ஜே.சி.பி., டிராக்டர் வாடகை. அடுத்து கையுறை, கயிறு, சாப்பாடு. ஈரத் துணியை அப்படியே ஏற்றினால் பாரம் பலமடங்கு, நடையும் கூடும். கரையிலேயே உலர்த்தி, மணலை உதறி ஆற்றிலேயே விட்டுவிட்டு, பிறகுதான் ஏற்றினோம். வாடகையில் மிச்சப்பட்டது இப்படித்தான். ரசீதுகளோடு வரவு செலவுக் கணக்கு பொருளாளரிடம் இருக்கிறது. உறுப்பினர் யார் கேட்டாலும் பார்க்கலாம்.

ஆற்றில் கலக்கும் சாக்கடை அப்படியேதான் இருக்கிறது. அது நம் கைவேலையால் தீருகிற காரியமில்லை. இதே மணலுக்குள் இறக்கிய உறைகிணறுகளிலிருந்துதான் நெல்லை, தூத்துக்குடி மாவட்டங்களில் எத்தனையோ ஊர்களுக்குக் குடிநீர் போகிறது. உயர்நீதிமன்ற மதுரைக் கிளையில் ஆறு பற்றிய வழக்குகள் நடந்துவருகின்றன. நாம் எடுத்த படங்களைத் தேதி, இடத்தோடு ஒழுங்குபடுத்தி வைத்திருக்கிறோம். மனு கொடுக்கும்போது பயன்படும்.

துணி விஷயத்தில் குழுவுக்கு ஓர் உறுதியான எண்ணம் உண்டு. ஆற்றில் துணி விடுகிறவர்கள் ஆற்றை வெறுப்பவர்கள் அல்லர், தாயென்று கும்பிட்டு முழுகுகிறவர்கள். அவர்களை விரட்டுவதும் திட்டுவதும் வேண்டாம். தர்ப்பணம் செய்துவைக்கும் ஐயர்மார்களிடம் பேசினோம். "எள்ளும் தண்ணியும் போதும், துணியை ஆத்துல விடாதீங்கன்னு நாங்களே சொல்லிடுறோம்" என்று ஒப்புக்கொண்டார்கள். அவர்கள் வாயால் வந்தால்தான் ஜனங்கள் கேட்பார்கள். படித்துறைக்கு மேலே துணி போட இரும்புக் கூண்டு ஒன்று வைக்க வேண்டும். அனுமதி கேட்டு எழுதிக் கொடுத்திருக்கிறோம், இன்னும் பதில் வரவில்லை. மீதித் தொகையை அதற்கென்று ஒதுக்க உறுப்பினர்கள் சம்மதம் தர வேண்டுகிறோம்.

ஆடி அமாவாசையன்று விடிவதற்கு முன்பே கூட்டம் வந்துவிடும். கூண்டு வராவிட்டாலும், சாக்குப் பையோடு படித்துறையில் நிற்க முறைவைத்து ஆட்கள் தேவை. வயதான அம்மாக்களிடம் பக்குவமாகப் பேசத் தெரிந்தவர்களாக இருந்தால் நல்லது. பெயர் கொடுக்க விரும்புகிறவர்கள் செயலாளரிடம் சொல்லவும்.

இப்படிக்கு,
திருப்பணிக் குழுவினர்