இந்தமுறை நானும் ஊர்வலத்தில

அன்பின் மச்சான்,

உன்ர கடிதம் கிடைச்சது. அம்மாவுக்குக் கண் ஒப்பரேசன் நல்லபடியா முடிஞ்சதெண்டு வாசிச்சாப் பிறகுதான் எனக்கு நிம்மதி. மகளின்ர ரிசல்ட் வந்த உடன எழுது.

இஞ்ச ஜெர்மனியில, கொலோன் நகரத்தில கானிவல், அதுதான் தவக்காலத்துக்கு முந்தின வேசக் கொண்டாட்டம், முடிஞ்சுது. சிரியாத, இந்தமுறை நானும் ஊர்வலத்தில போனனான். 1823இல தொடங்கின, ரீவியில காட்டுற அந்தப் பெரிய திங்கக்கிழமை ஊர்வலமில்லை. அடுத்தநாள் செவ்வாய், நிப்பெஸ் பகுதியின்ர ஊர்வலம். எனக்கு அதுதான் பிடிக்கும். றோட்டோரம் நிக்கிறதில பாதிப்பேர் தெரிஞ்ச முகம். மகன்ர உதைபந்தாட்டக் கழகம் ட்ராக்டரில ஒரு வண்டி கட்டினது. சில்லுக்குப் பக்கத்தில நடந்து சனத்தை விலத்துறது என்ர வேலை.

லேசான வேலையெண்டு நினையாத. “கமெல்ல! கமெல்ல!” எண்டு இனிப்புக் கேட்டுச் சனம் கத்த, மேல நிக்கிறவை இனிப்பு, சொக்கிலேற், சின்னப் பூச்செண்டு எல்லாம் எறிவினம். குடையைத் தலைகீழாப் பிடிச்சு ஏந்துற கெட்டிக்காரரும் இருக்கினம். ஒரு இனிப்பு உருண்டு சில்லடிக்குப் போகும். அதைப் பொறுக்க நாலு வயதுப் பிள்ளையொண்டு குனியும். கையால பிள்ளையை மறிச்சு, காலால இனிப்பை வெளியில தட்டிவிடவேணும். அதனால எறியிறவை தூரத்துக்கு எறியவேணும், கிட்டப் போட்டால் பிள்ளையளும் கிட்ட வருங்கள். எங்கட வண்டியில நிண்ட பெரியவர் ஒருத்தர் பின்வரிசைக் கிழவியின்ர பைக்குள்ளயே குறிபார்த்து விழுத்தினார். என்ன கையடா அது!

கானிவலுக்கு இளவரசன், விவசாயி, கன்னி எண்டு மூண்டு தலைவர். கன்னி வேசம் ஆம்பிளைதான் போடுறது, எங்கட நாட்டுக்கூத்தில மாதிரி. ஹிட்லரின்ர நாசிகள் அதை விடேல்லை. 1938இலும் 1939இலும் பெண்களுக்குத்தான் அந்த வேசத்தைக் குடுத்தவங்கள். போருக்குப் பிறகு பழையபடி ஆம்பிளையள். ஒருத்தன் பாவாடை கட்டினதுக்கே பயந்த ஆட்சி, யோசிச்சுப் பார்.

செவ்வாய் இரவுக் கூத்தைக் கேள். கானிவல் நாளெல்லாம் மதுக்கடை வாசலுக்கு மேல நுப்பெல் எண்டொரு வைக்கோல் பொம்மை தொங்கும். கடைசியில அதை இறக்கி, பாதிரியார் வேசத்தில ஒராள் குற்றம் வாசிப்பார். காசெல்லாம் குடிச்சு அழிச்சது ஆர்? நுப்பெல்! அடுத்தவன் பெண்சாதிக்குக் கண்ணடிச்சது ஆர்? நுப்பெல்! பிறகு நெருப்பு வைப்பினம், சனம் குழறி அழும். என்ர மனிசி சும்மா நிண்டாளில்லை. நெஞ்சிலடிச்சு எங்கட ஊர் ஒப்பாரியில ரெண்டு வரி எடுத்துவிட்டாள். சுத்தி நிண்ட ஜெர்மன்காரர் அழுறதை விட்டிட்டு வாயைப் பிளந்துகொண்டு நிண்டிச்சினம். கடைக்காரன் அவளுக்கொரு பியர் இலவசமாக் குடுத்தான், குடிச்சது நான்.

அடுத்த வருசம் வாறதெண்டால் ஈஸ்டருக்கு 48 நாள் முந்தின திங்கக்கிழமையைக் கணக்குப் பார்த்து டிக்கற் போடு. குளிருக்கு ஜக்கற் என்னட்ட இருக்கு. நீ பனங்கட்டி மட்டும் கொண்டு வா.

அன்புடன்,
உன்ர பழைய வாங்குத் தோழன்