கச்சேரியும் பத்திரிகையும் உள்ள ஊர்

அன்புள்ள ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் அமெரிக்கச் சிற்றூர்களைப் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். வயல்களுக்கு நடுவே நாலு தெரு, பூட்டிக் கிடக்கும் கடைகள், முகம் கொடுத்துப் பேசாத மனிதர்கள் என்று எழுதியிருந்தார் கட்டுரையாளர். நெடுஞ்சாலையில் காரில் போகிறவர் கண்ணுக்கு அப்படித்தான் தெரியும். இறங்கிப் பார்த்திருந்தால் வேறு மாதிரி எழுதியிருப்பார் என்பதைச் சொல்லவே இந்தக் கடிதம்.

ஐந்து மாதமாக கேன்சஸ் மாநிலத்தில், விச்சிட்டாவில் மகள் வீட்டில் இருக்கிறேன். முப்பத்திரண்டு வருடம் தாலுக்கா ஆபீசில் வேலை பார்த்தவன். எந்த ஊருக்குப் போனாலும் என் கால் அந்த ஊர்க் கச்சேரியை, அதாவது அரசு அலுவலகத்தைத்தான் தேடும். அப்படித் தேடிப் போன ஊர் மேரியன். வடக்கே ஒரு மணி நேரத்துக்கு மேல் பயணம். 2020 கணக்கெடுப்பில் அங்கே மொத்தம் 1,922 பேர். நம் பக்கத்து ஊராட்சி ஒன்றிலேயே அதைவிடக் கூடுதலாக இருப்பார்கள். ஆனாலும் அது மேரியன் கவுன்ட்டியின் தலைநகர். நம் வழக்கில் வட்டத் தலைநகரம் என்று வைத்துக்கொள்ளலாம். கேன்சஸில் இப்படி 105 கவுன்ட்டிகள் உண்டு.

தலைநகர் என்ற பெயருக்காக அந்தக் காலத்தில் இங்கே உயிரையே விட்டிருக்கிறார்கள். இதே மாநிலத்தின் மேற்கே கிரே கவுன்ட்டியில், 1889 ஜனவரியில் சிமரான், இங்கால்ஸ் என்ற இரண்டு ஊர்களுக்குள் துப்பாக்கிச் சண்டை நடந்தது. எதற்கென்று நினைக்கிறீர்கள்? கச்சேரிப் பதிவேடுகளுக்காக. பதிவேடு எந்த ஊரில் இருக்கிறதோ அங்கேதான் கோர்ட், அங்கேதான் வக்கீல், விடுதி, சந்தை எல்லாம். தலைநகர் கைவிட்டுப் போனால் ஊரே ஒன்றுமில்லாமல் ஆகிவிடும். கிராம நில விவரம் எழுதும் ‘அ’ பதிவேட்டோடு காலம் தள்ளிய எனக்கு அந்தப் பதைப்பு புரிகிறது.

மேரியன் கோர்ட் கட்டடம் சுண்ணாம்புக் கல்லில் கட்டியது, நூறு வயது தாண்டியது. நிலப் பத்திரங்களைப் பார்க்கலாமா என்று மகளை விட்டுக் கேட்கச் சொன்னேன். நீங்கள் யார், எதற்கு என்று அங்கிருந்த அம்மா ஒரு வார்த்தை கேட்கவில்லை. தோல் அட்டை போட்ட கனமான புத்தகம் ஒன்றை மேஜைமேல் எடுத்து வைத்துவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போய்விட்டார். பழுப்பேறிய தாள், சாய்வான மைக் கையெழுத்து, விற்றவர் பெயர், வாங்கியவர் பெயர். எத்தனையோ ஜெர்மன் பெயர்கள். 1874 வாக்கில் ரஷ்யாவிலிருந்து வந்து இறங்கிய, ஜெர்மன் பேசும் மென்னோனைட் என்ற கிறிஸ்தவப் பிரிவுக் குடியானவர்களின் வழி அது. இந்தச் சீமைக்குக் குளிர்காலக் கோதுமையைக் கொண்டுவந்ததில் அவர்களுக்குப் பெரிய பங்கு உண்டு. அப்புறம் தெரிந்துகொண்டேன், நிலப்பதிவு அதிகாரியையும் கருவூல அதிகாரியையும் இங்கே மக்களே ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிறார்கள். கவுன்ட்டியின் போலீஸ் தலைவரான ஷெரீப்பும் அப்படித்தான்.

கட்டுரையாளர் ஒரே ஒரு வாரம் அந்த ஊர்ப் பத்திரிகையைப் புரட்டியிருந்தால் போதும். 1869 முதல் நடக்கும் வாரப் பத்திரிகை, ‘மேரியன் கவுன்ட்டி ரெக்கார்டு’. நான் வாங்கிய இதழில் நகர மன்றக் கூட்டத்தில் தண்ணீர்க் கட்டணம் பற்றி யார் என்ன பேசினார்கள் என்பது ஒரு பக்கம், பள்ளிக்கூட விளையாட்டு ஒரு பக்கம், இறந்தவர்களைப் பற்றிய குறிப்புகள். ஒவ்வொரு குறிப்பிலும் பிறந்த ஊர், பார்த்த வேலை, பேரப்பிள்ளைகள் எத்தனை என்று ஒன்றுவிடாமல் இருந்தது. முகம் கொடுத்துப் பேசாத ஊரில் இப்படி ஒரு பத்திரிகை எப்படி ஓடும்?

அந்தப் பத்திரிகை அலுவலகத்துக்குள்தான் 2023 ஆகஸ்ட் 11 அன்று போலீஸ் வாரண்டோடு புகுந்தது. ஓர் உணவகக்காரரின் ஓட்டுநர் உரிமம் பற்றிக் கிடைத்த தகவலைச் செய்தியாளர் அரசு இணையதளத்தில் சரிபார்த்தார். அதைத்தான் குற்றம் என்றார்கள். கணினி, கைப்பேசி எல்லாம் போயின. ஆசிரியர் எரிக் மேயரின் வீட்டிலும் சோதனை. அவருடைய தாயார் ஜோன் மேயருக்கு அப்போது 98 வயது. அவரும் பத்திரிகையின் பங்குதாரர், பழைய இதழ்களிலிருந்து துணுக்குகள் எடுத்துத் தொகுத்து வந்தவர். நடைச்சட்டத்தைப் பிடித்துக்கொண்டு, என் வீட்டைவிட்டு வெளியே போங்கள் என்று அவர் போலீசாரிடம் சத்தம் போடுவது வீடியோவில் இருக்கிறது. மறுநாள் அவர் காலமாகிவிட்டார். அந்த வீடியோவை என்னால் முழுதாகப் பார்க்க முடியவில்லை.

அடுத்த புதன்கிழமை பத்திரிகை வந்தது. கிடைத்த பழைய கணினியை வைத்து இரவெல்லாம் விழித்து அச்சுக்கு அனுப்பியிருக்கிறார்கள். ‘பறித்தார்கள், வாயை அடைக்க முடியவில்லை’ என்ற பொருளில் தலைப்பு. அதே நாள் அரசு வழக்கறிஞர், போதிய ஆதாரம் இல்லை என்று வாரண்டைத் திரும்பப் பெற்றார். அந்தச் சோதனை தொடர்பான வழக்குகளை முடிக்க 2025 நவம்பரில் கவுன்ட்டி நிர்வாகம் 30 லட்சம் டாலருக்கு மேல் கொடுக்க ஒப்புக்கொண்டது. ஷெரீப் அலுவலகம் வருத்தமும் தெரிவித்தது.

ஊர் முழுக்கப் பத்திரிகையின் பக்கம்தான் நின்றது என்று நான் சொல்லவில்லை. ரொம்பக் குடைகிறார்கள், நல்லதை எழுதுவதில்லை என்று குறைப்பட்டவர்களும் அங்கே உண்டு. சரி, இருக்கட்டும். குறை சொல்லவும் ஊரில் ஒரு பத்திரிகை இருக்க வேண்டும் அல்லவா? தாலுக்கா ஆபீசில் இருந்த காலத்தில், வருடாந்திர வருவாய்க் கணக்குத் தணிக்கையான ஜமாபந்தி அன்று உள்ளூர் நிருபர் ஒருவர் பின் வரிசையில் வந்து உட்கார்ந்தால் எங்கள் பேச்சே மாறும். மனுக்கள் அன்றே எடுத்துப் பார்க்கப்படும். அவர் வராத வருடம் எப்படி இருக்கும் என்பதும் எனக்குத் தெரியும்.

சிறுநகரங்களைப் பற்றி அடுத்து எழுதும்போது மேரியனுக்கு ஒரு பக்கம் ஒதுக்குங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். நான் வாங்கிய இதழை இந்தக் கடிதத்தோடு தபாலில் அனுப்பியிருக்கிறேன். கட்டுரையாளர் ஐந்தாம் பக்கத்திலிருந்து படிக்கட்டும். இறந்தவர்களைப் பற்றிய குறிப்புகள் அங்கேதான் இருக்கின்றன.

இப்படிக்கு,
திருத்துறைப்பூண்டி வாசகர்,
தற்போது விச்சிட்டா