கையில் கேமரா, எதிரே நெசவாளர்

அன்புள்ள செல்வம்,

அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் பெரிய நிம்மதி. சொட்டு மருந்தை மட்டும் வேளை தவறாமல் போடுங்கள். இங்கே எல்லோரும் நலம்.

கயல் காஞ்சிபுரத்தில் ஒரு நெசவாளரைப் பேட்டி எடுக்கப் போவதாக எழுதியிருந்தாய். ஸ்டாண்ட் இல்லாமல் கையிலேயே எடுக்கட்டும். பழக இதைவிட நல்ல வேலை கிடையாது. பேசுகிறவர் இருந்த இடத்திலேயே இருப்பார். படம் ஆடினால் அது எடுக்கிறவர் கை ஆட்டம்தான், உடனே தெரிந்துவிடும்.

குழித்தறியில் கால் பள்ளத்துக்குள் இருப்பதால் அவர் கண் தரையிலிருந்து இரண்டரை அடி உயரத்தில்தான் வரும். நின்றபடி எடுத்தால் உச்சந்தலைதான் விழும். கயலும் தரையில் உட்கார வேண்டும். இடது காலை மடக்கி முழங்கால் மேலே நிற்கும்படி வைத்து, அதன்மேல் இடது முழங்கையை ஊன்றி, உள்ளங்கையில் லென்ஸைத் தாங்கட்டும். வலது முழங்கை விலாவோடு ஒட்டியிருக்கட்டும். கழுத்து வாரை விறைப்பாக இழுத்துப் பிடித்தால் அது மூன்றாவது பிடிமானம். மூச்சை அடக்க வேண்டாம். அடக்கினால் சற்று நேரத்தில் கை நடுங்கும். வயிற்றால் மெதுவாக விடட்டும்.

ஃபுல் ஃபிரேம் (பழைய ஃபிலிம் அளவு பெரிய சென்சார் உள்ள) கேமரா என்றால் 35 அல்லது 50 எம்.எம். லென்ஸ் போதும். 85 போட்டால் சின்ன ஆட்டமும் பெரிதாகத் தெரியும். 50 எம்.எம்.-ல் ஐந்தடி தூரத்தில் லென்ஸ் துவாரத்தை எஃப் 1.8 என்று அகலத் திறந்து வைத்தால் ஃபோகஸ் நிற்கும் ஆழம் சுமார் 10 சென்டிமீட்டர். அவரும் அசைவார், இவளும் அசைவாள், படத்தில் அவர் கண் மங்கிப்போகும். துவாரத்தைக் குறுக்கி எஃப் 4 வைத்தால் அந்த ஆழம் இரு மடங்குக்கு மேல். விநாடிக்கு 25 ஃபிரேம், ஷட்டர் 1/50 விநாடி. நம் கரண்ட் 50 ஹெர்ட்ஸ், டியூப்லைட்டின் துடிப்பும் அதை ஒட்டித்தான், ஷட்டர் அதோடு ஒத்துப்போக வேண்டும். 1/60 வைத்தால் டியூப்லைட் வெளிச்சத்தில் படம் மினுங்கும்.

கேள்வியை இன்னொருவர் லென்ஸுக்கு ஒட்டினாற்போல் உட்கார்ந்து கேட்கட்டும், கடைசிவரை அதே பக்கத்தில். ஃபிரேமை மாற்றுவதெல்லாம் கேள்வி ஓடும்போதே முடிந்துவிட வேண்டும். பதில் தொடங்கியதும் கேமரா நிற்க வேண்டும். அவர் பேச்சை நிறுத்தி யோசித்தாலும் அசையக் கூடாது. நல்ல வார்த்தை பெரும்பாலும் அந்த மௌனத்துக்குப் பிறகுதான் வரும், புதிதாகப் பழகுகிறவர்கள் சரியாக அப்போதுதான் கேமராவைத் திருப்பிவிடுகிறார்கள்.

பேசும்போது தறியும் ஃபேனும் ஓடக் கூடாது. காலர் மைக் தாடைக்கு ஒரு சாண் கீழே. கேமராவின் ஒலி மீட்டரில் சத்தம் உச்சத்தில் மைனஸ் 12 டெசிபலைச் சுற்றி நின்றால் போதும். பேட்டி முடிந்ததும் தறியை ஓட்டச் சொல்லி, நாடா (குறுக்கு நூலைக் கொண்டுபோகும் கட்டை) தள்ளும் கை, மிதிக்கட்டையில் கால், பாவு (நீளவாட்டு நூல்கள்) விரிந்து நிற்பது, ஒவ்வொன்றையும் பத்து விநாடி அசையாமல் எடுக்கட்டும். பேச்சை வெட்டி ஒட்டும் இடங்களை மறைக்க இவைதான் கைகொடுக்கும். பள்ளத்துக்குள் இருட்டாக இருக்கும், காலை எடுக்க ஒரு சின்ன எல்.இ.டி. விளக்கு கொண்டுபோகட்டும்.

எடிட் செய்வதற்கு முன் முழுசாக எனக்கு அனுப்பச் சொல்.

அன்புடன்,
ரவி