துண்டு வெட்டுமுன் சைக்கிளைப் பற்றியும் கேளுங்கள்

ஆசிரியர் அவர்கட்கு,

கால் முறிந்து வந்த ஒருவர் சுகமாகிவிட்டார் என்று வைத்தியசாலை எப்போது முடிவெடுக்கிறது? நான் கண்டவரையில், ஊன்றுகோல் இல்லாமல் பத்தடி நடந்து காட்டினால் சரி. துண்டு வெட்டி வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். பிறகு சில கிளினிக். அதன் பின்னர் கொப்பியில் 'நடக்கிறார்' என்று எழுதி முடித்துவிடுவார்கள். அந்த ஆள் வீட்டுக்குப் போய் எதில் ஏறிக் கடைக்குப் போவார், எதில் வயலுக்குப் போவார் என்று யாரும் கேட்பதில்லை. வன்னியில் இருந்து எழுதுவதால் இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது. பிரதான வீதியில் இறங்கினால் பேருந்து வரும். அந்த வீதிக்கு வந்து சேர்வதற்கே எங்களில் பலருக்குச் சைக்கிள் வேண்டும்.

நான் ஓய்வுபெற்ற குடும்பநல மருத்துவமாது. இருப்பது பரந்தனில். வேலையில் இருந்த காலமெல்லாம் கர்ப்பிணிகள் வீட்டுக்கும் பிள்ளை பெற்றவர்கள் வீட்டுக்கும் லேடீஸ் சைக்கிளில்தான் போனேன். யுத்தத்தில் எரிபொருளுக்குத் தடை இருந்த காலத்தில் வன்னியே சைக்கிளில்தான் ஓடியது என்பதை இளைய வாசகர்களுக்காகச் சொல்லி வைக்கிறேன். விறகு, நெல் மூட்டை, நோயாளி, எல்லாம் கரியரில்தான். ஓய்வெடுத்த பிறகும் அந்தப் பழக்கம் விடவில்லை. வேலைக்கு ஓடிய கால், வேலை இல்லாதபோது தூரத்துக்கு ஓட ஆசைப்பட்டது. முறிகண்டிக்குப் போய்ப் பிள்ளையாரைக் கும்பிட்டுக் கச்சான் வாங்கிக்கொண்டு திரும்புவேன். வைகாசியில் வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்குப் போவேன். சில வேளை யாழ்ப்பாணம் வரைக்கும்கூட. மகள் பேசுவாள். அது வேறு கதை.

இப்போது நான் நொண்டுவதைப் பார்க்கும் வெளியூர்க்காரர்கள் குரலைத் தாழ்த்தி, "ஷெல்லோ?" என்று கேட்கிறார்கள். இல்லை, மாடு. 2009 இறுதி யுத்தத்தில் ஷெல்லுக்குத் தப்பி வந்த கால், மாரி மழையில் தார் வீதியில் படுத்திருந்த கட்டாக்காலி மாட்டுக்கு அகப்பட்டது. தரை ஈரமாக இருந்தால் மாடுகள் தாருக்கு வந்துவிடும். இருட்டும் நேரம், எதிரே மோட்டார் சைக்கிளில் வந்த தம்பி மாட்டுக்கு வெட்டி விலத்தினார், நான் அந்தப் பக்கத்தில் இருந்தேன். இடது காலில் முழங்காலுக்குக் கீழே இரண்டு எலும்பும் போய்விட்டன. மாட்டுக்காரர்களைப் பற்றித் தனிக் கடிதமே எழுதலாம். பிடித்துக் கட்டித் தண்டம் அறவிட்டாலும் அடுத்த மாரிக்கு அதே மாடுதான் அதே இடத்தில் படுத்திருக்கும்.

எலும்புக்குள் நீளமான கம்பி விட்டார்கள். அந்தச் சத்திரசிகிச்சையில் எனக்கு ஒரு குறையும் இல்லை, நல்ல கைகள். ஆனால் அந்தக் கம்பியை முழங்காலின் முன்பக்கத்தால்தான் இறக்குகிறார்கள். அதனால் முறிந்த இடம் ஒன்று, பிற்பாடு மாதக்கணக்கில் நோகிற இடம் வேறு. எலும்பு பொருந்திவிட்டது, படத்தில் அழகாகத் தெரிகிறது என்றார்கள். முழங்கால்தான் மடியமாட்டேன் என்றது.

எனக்குத் தெரிந்த கணக்கைச் சொல்கிறேன். சமதரையில் நடக்க முழங்கால் ஏறத்தாழ 60 பாகை மடிந்தால் போதும். சைக்கிள் பெடலை ஒரு முழுச்சுற்றுச் சுற்றுவதற்கு 110 பாகையளவில் மடிய வேண்டும். குந்தியிருக்கும் மலசலகூடத்துக்கு அதைவிடவும் கூட. நடை வந்ததும் சிகிச்சையை நிறுத்தினால், சைக்கிளுக்கு வேண்டிய மடிப்பில் கிட்டத்தட்டப் பாதியோடு ஆளை வீட்டுக்கு அனுப்புகிறோம் என்று அர்த்தம். மிச்சத்தை வீட்டில் தானாக வரும் என்று விட்டால் வராது. முழங்கால் இறுகிப்போகும்.

கடைசி கிளினிக்கில் சைக்கிள் ஓடலாமா என்று கேட்டேன். டொக்டர் சிரித்தார். "ஏனம்மா இந்த வயதில சைக்கிள்? ஒரு ஸ்கூட்டி எடுங்கோவன்." 2022இல் பெற்றோலுக்கு வரிசையில் நின்றதை அவர் மறந்துவிட்டார் போலும். அப்போது ஸ்கூட்டிக்காரர்கள் எல்லாம் பழைய சைக்கிளைத் தேடித் திரிந்தார்கள், எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அவருடைய பயத்திலும் நியாயம் உண்டு. கம்பி இருக்கிற கால் விழுந்து திரும்ப முறிந்தால் பெரிய சிக்கல். ஆனால் விழாமல் மிதித்தால், நடப்பதைவிடச் சைக்கிளில் காலுக்குப் பாரம் குறைவு. உடம்பின் நிறையைச் சீற் தாங்குகிறது. இதை ஒரு மருத்துவமாது டொக்டருக்குச் சொன்னால் எடுபடுமா? நான் சொல்லவில்லை, கொப்பியை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

வழி காட்டியது ஓர் இளம் இயன்மருத்துவப் பிள்ளை. என்னிடம் தடுப்பூசி போட்ட பிள்ளை என்று பிறகுதான் தெரிந்தது. பாயில் படுத்துக்கொண்டு பழைய சேலையைப் பாதத்தில் மாட்டிக் குதிக்காலை மெல்ல மெல்லப் பின்னுக்கு இழுக்கச் சொன்னாள். நோவு தாங்கும் மட்டும் இழுத்து, பிடித்து, விட வேண்டும். அதற்கு அடுத்தது சைக்கிள். "அன்ரி, உங்கட சைக்கிளுக்கு டபுள் ஸ்டாண்ட் இருக்கோ?" என்று கேட்டாள். இருந்தது. அதைப் போட்டால் பின் சில்லு நிலத்தில் படாது. சிமெந்துத் தரையில் சைக்கிளை நிறுத்தி, ஒருவர் ஹான்டிலைப் பிடித்துக்கொள்ள, ஏறி இருந்து மிதிக்கலாம். பெரிய வைத்தியசாலையில் இருக்கிற பயிற்சிச் சைக்கிளும் இதுவும் செய்கிற வேலை ஒன்றுதான்.

முதலில் முழுச்சுற்று வரவே வராது. பெடல் மேலே வருகிற இடத்தில் முழங்கால் மறிக்கும். மறித்த இடத்தில் மல்லுக்கட்டாமல் பின்னுக்கு விட வேண்டும். பின்னுக்குச் சுற்றினால் ஃப்ரீவீல் இலேசாக ஓடும், பாரமில்லை. முன்னுக்கு அரைவாசி, பின்னுக்கு அரைவாசி என்று ஆட்டிக்கொண்டிருந்தால் ஒருநாள் கால் தானாகவே மேலே ஏறி மற்றப் பக்கம் இறங்கிவிடும். எனக்கு அது நடந்தபோது வீட்டில் பேரன் மட்டும்தான் இருந்தான். "அம்மம்மா ஏன் அழுறீங்கள், நோகுதோ?" என்று கேட்டான். சீற்றைக் கொஞ்சம் உயர்த்தினால் முழங்கால் குறைவாக மடிந்தாலும் சுற்றலாம். ஆனால் உயர்த்தினால் வீதியில் நிற்கும்போது கால் நிலத்துக்கு எட்டாது. ஸ்டாண்டில் உயர்த்தி ஓடி, மடிப்பு கூடக் கூட இறக்கிக்கொண்டு வருவதுதான் சரி.

வீதிக்கு வந்தபோது மிதிப்பது பிரச்சினையாக இருக்கவில்லை, ஏறுவதுதான் பிரச்சினை. நாங்கள் எல்லோரும் எப்படி ஏறுகிறோம்? இடது காலைப் பெடலில் வைத்து, வலது காலால் இரண்டு தரம் உந்தி ஏறுகிறோம். அப்போது உடம்பின் முழு நிறையும் இடது காலில். எனக்கு முறிந்ததும் அந்தக் கால்தான். இதற்கு எந்தக் கிளினிக்கிலும் மருந்து இல்லை. எங்கள் ஒழுங்கையில் ஜெய்ப்பூர் செயற்கைக் கால் போட்ட ஒருவர் இருக்கிறார், தினமும் தோட்டத்துக்குச் சைக்கிளில் போகிறவர். "மிஸ்ஸி, உந்தாதேங்கோ. மதகுக் கட்டில ஏறி நிண்டு சீற்றில இருங்கோ, பிறகு நல்ல காலால மிதியுங்கோ" என்றார். இறங்கும்போதும் வலது காலையே ஊன்றப் பழக வேண்டும். நாற்பது வருடப் பழக்கத்தை மாற்றுவது, முழங்காலை மடிக்கிறதைவிடக் கஷ்டமாக இருந்தது. லேடீஸ் சைக்கிளில் பார் இல்லாததால் நான் தப்பினேன். பார் உள்ள சைக்கிளில் காலைத் தூக்கிப் போடுகிற ஆண்கள் இந்த நிலையில் என்ன செய்வார்கள்? கொஞ்ச நாளைக்கு வெட்கத்தை விட்டு மனைவியின் சைக்கிளை எடுக்க வேண்டியதுதான்.

பாதமும் சற்று வெளிப்பக்கம் திரும்பித்தான் பொருந்தியிருக்கிறது. அதனால் குதிக்கால் கிராங்கில் உரசியது. சைக்கிள் கடைக்காரர் ஒரு வாசரைக் கூடப் போட்டுப் பெடலை அற்பம் வெளியே தள்ளித் தந்தார், உரசல் போயிற்று. இடது பெடலின் மரை எதிர்ப்பக்கமாகச் சுற்றும் என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும். இத்தனை வருடம் ஓடியிருக்கிறேன்!

வன்னியில் ஏற்றம் என்று சொல்ல ஒன்றுமில்லை, எங்களுக்குக் காற்றுத்தான் மேடு. ஆனையிறவுப் பக்கம் மிதித்துப் பார்த்தபோது சோளகக் காற்று முதுகில் தள்ளிக்கொண்டு போனது. கால் முழுக்கச் சுகம் என்று நினைத்துக்கொண்டு போனேன். திரும்பும்போது அந்த வெட்டவெளியில் அதே காற்று முகத்தில் அடித்தது. நொந்தது முறிந்த கால் அல்ல, வலது கால். இடது காலின் தசை மெலிந்துபோனதால் அதன் பங்கையும் வலதுதான் இழுக்கிறது. தூரம் ஓடத் தொடங்குகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். நல்ல காலை நம்பி ஓடினால் நல்ல காலும் போகும். இப்போது நான் சோளக காலத்தில் முதலில் காற்றுக்கு எதிராகப் போகிறேன், வருகிறபோது அது தள்ளிக்கொண்டு வரட்டும்.

வற்றாப்பளைக்கும் போய் வந்தேன். பரந்தனால் கிழக்கே திரும்பினால் தருமபுரம், விசுவமடு, உடையார்கட்டு, வள்ளிபுனம், புதுக்குடியிருப்பு. 2009 தொடக்கத்தில் இதே வீதியால் சைக்கிளில் சாமானைக் கட்டி, ஏற இடமில்லாமல் தள்ளிக்கொண்டுதான் போனோம். இந்த முறை ஏறி ஓடினேன். ஒரே மூச்சில் அல்ல. மதகு கண்ட இடமெல்லாம் இறங்கி இருந்து, காலை நீட்டி, தண்ணீர் குடித்து, விசுவமடுவில் தேத்தண்ணியும் வடையும் சாப்பிட்டு, விடிய வெளிக்கிட்டு மத்தியானத்துக்குப் பிறகு போய்ச் சேர்ந்தேன். பின்னேரம் பாதம் வீங்கிச் செருப்பு கொள்ளவில்லை. அன்றிரவு கோயிலடியில் தெரிந்தவர்கள் வீட்டில் தங்கி, சைக்கிளை லான்ட்மாஸ்ரர் உழவு இயந்திரத்தில் ஏற்றிக்கொண்டு வந்தேன். போனதுதான் கணக்கு, வந்தது கணக்கில்லை என்று மகளுக்குச் சொல்லிவிட்டேன்.

சுகாதாரத் திணைக்களத்தில் இதை வாசிப்பவர்கள் இருந்தால் நான் கேட்பது பெரிய செலவில்லை. கால் முறிந்தவர் முதல் கிளினிக்குக்கு வரும்போதே, "முன்பு எதில் போய் வந்தீர்கள்?" என்று ஒரு கேள்வி கேட்டுக் கொப்பியில் எழுதுங்கள். சைக்கிள் என்றால், துண்டு வெட்டுமுன் முழங்கால் எத்தனை பாகை மடிகிறது என்று அளந்து பாருங்கள். போதாவிட்டால் இயன்மருத்துவத்தை நிறுத்தாதீர்கள். அதற்காகக் கிளிநொச்சிக்கோ முல்லைத்தீவுக்கோ வந்து போக முடியாதவர்களுக்கு, ஊரில் இருக்கிற சிறிய வைத்தியசாலையில் ஒரு மூலையைக் கொடுங்கள். இயந்திரம் வாங்கக் காசில்லை என்பீர்கள். டபுள் ஸ்டாண்ட் போட்ட ஒரு லேடீஸ் சைக்கிள் போதும். என் அக்காவின் பழைய லுமாலா சைக்கிள் வீட்டுக் கொட்டிலில் நிற்கிறது. கேட்கிற வைத்தியசாலைக்கு, செயினுக்கு எண்ணெய் விட்டு, ரயர் மாற்றி நானே கொண்டுவந்து தருவேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற குடும்பநல மருத்துவமாது,
பரந்தன்.